வேலை ஒருவரிடம், முடிவு இன்னொருவரிடம்: நோயாளி இருக்கும் வீட்டில் சண்டையைக் கனிவோடு கையாள ஒரு முழுமையான வழிகாட்டி

ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலிருந்து பக்கவாதம் வந்த ஒருவரை வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் வாரத்தில் யாரும் சண்டை போடுவதில்லை. ஏத்தன் பழச் சீப்போடும் ஹார்லிக்ஸ் பாட்டிலோடும் உறவினர்கள் வருகிறார்கள். துபாயில் இருக்கும் மகன் தினமும் வீடியோவில் அழைக்கிறார். மருமகள் ஓடி ஓடிச் செய்கிறாள், எல்லோரும் அவளை மெச்சுகிறார்கள். மூன்றாவது மாதம் போய்ப் பாருங்கள். கஞ்சியில் உப்பு கூடிவிட்டது என்பதில் தொடங்கி, பத்து வருடத்துக்கு முன்னால் பங்கு வைத்த தென்னை விளை வரைக்கும் பேச்சு போய்விட்டிருக்கும்.

குமரி மாவட்டத்தில் படுக்கையில் கிடப்பவர்களின் வீடுகளுக்குப் போய்வரும் தன்னார்வலர்களில் நானும் ஒருத்தி. நான் பார்த்த சண்டைகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான். வேலை செய்கிறவருக்கு முடிவெடுக்கும் உரிமை கிடையாது. முடிவெடுக்கிறவர் வேலை செய்வது கிடையாது. நோயாளியோ இரண்டையும் இழந்து படுத்திருக்கிறார். உப்பும் டயப்பரும் பென்ஷன் பணமும் அந்த வேரிலிருந்து கிளம்பும் தளிர்கள்தான்.

கனிவாகப் பேசுவது என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படித் தலையாட்டியவர்கள்தான் ஒருநாள் பாத்திரத்தை எறிகிறார்கள். எதிரே இருப்பவர் எதை இழந்தார் என்று பார்ப்பது, தர முடிந்ததைத் தருவது, முடியாததை முகம் கடுக்காமல் முடியாது என்று சொல்வது: இந்த மூன்றும் சேர்ந்ததைத்தான் இங்கே கனிவு என்கிறேன். உதாரணங்களில் ஆளும் ஊரும் அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

முதல் படி: கோபமா, நோயா?

பதில் பேசுவதற்கு முன் உடம்பைப் பாருங்கள். நேற்றுவரை சாதுவாக இருந்த அம்மை இன்று தட்டைத் தள்ளிவிட்டு, "எனக்கு விஷம் வைக்கிறாய்" என்று கத்தினால், அதைக் குணக்கேடு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ முதியவர் ஒருவரின் மனம் இப்படித் திடீரென்று குழம்பினால், பெரும்பாலும் உடலில்தான் காரணம் இருக்கும். சிறுநீர்த் தொற்று, நாலைந்து நாள் மலச்சிக்கல், உடலில் தண்ணீர் குறைவது, இரத்தத்தில் சோடியம் இறங்குவது, புதிதாகத் தொடங்கிய மாத்திரை, வாய்விட்டுச் சொல்லத் தெரியாத வலி ஆகியவை முதலில் சந்தேகிக்க வேண்டியவை. சமாதானப் பேச்சு இதற்கு மருந்தாகாது. அன்றே டாக்டரிடம் காட்டவேண்டும்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் காரணமில்லாமல் எரிந்து விழுந்து, வியர்த்து, கை நடுங்கினால், வாக்குவாதத்தை நிறுத்திவிட்டுக் குளுக்கோமீட்டரை எடுங்கள். அளவு 70-க்குக் கீழே இருந்து, விழுங்கவும் முடிகிறது என்றால், மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடியும் பாருங்கள். மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

பக்கவாத வீடுகளில் இரண்டு விஷயம் தெரியாமலேயே குடும்பங்கள் உடைகின்றன. ஒன்று, பேச்சு. மூளையில் பேச்சுக்கான பகுதி அடிபட்டவருக்கு "தண்ணீர்" என்ற சொல் வாயில் வராது. ஆனால் கெட்ட வார்த்தை சரளமாக வந்துவிடும். யோசித்துச் சொல்லும் சொற்கள் தொலைந்த பிறகும், பழக்கத்தில் தானாக வரும் எண்ணிக்கை, ஜெபம், பாட்டு, வசவு ஆகியவை தப்பியிருப்பது இந்த நோயில் சாதாரணம். மாமனார் ஏசினார் என்று அழுத ஒரு மருமகளிடம் இதை விளக்கியபோது, "அப்படியானால் என்னைத்தான் ஏசினார் என்று இல்லையா?" என்று கேட்டாள். இல்லை. அவர் தண்ணீர் கேட்டிருப்பார்.

இரண்டாவது, பார்வைப் பக்கம். மூளையின் வலப்பாதி பாதிக்கப்பட்ட சிலருக்கு இடது பக்கத்தில் இருப்பது எதுவுமே கவனத்தில் படாது. தட்டில் வலது பாதிச் சோற்றைத் தின்றுவிட்டு, "இவ்வளவுதான் வைத்தாள்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை, மருமகளும் பட்டினி போடவில்லை. சோறு மிஞ்சிய பாதி அவருடைய வலது பக்கம் வரும்படி தட்டைத் திருப்பி வையுங்கள்.

காது கேட்பது குறைந்தவரிடம் உரக்கக் கத்துவதால் பயன் இல்லை. வயதாகும்போது மெல்லிய, உச்ச ஒலிகள்தான் முதலில் போகின்றன. கத்தும்போது நம் குரலும் உச்சத்துக்குத்தான் ஏறுகிறது. டிவியை அணைத்து, முகத்துக்கு நேரே உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, நிதானமாகப் பேசுங்கள். கத்துகிற வீட்டில் எல்லோரும் கோபமாக இருப்பதாகவே அவருக்குத் தோன்றும்.

இரண்டாம் படி: ஒரு தாளில் இரண்டு பத்தி

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடதுபுறம் ஒவ்வொரு வேலையையும் செய்கிறவர் பெயர், வலதுபுறம் அதில் முடிவெடுக்கிறவர் பெயர். குளிப்பாட்டுவது, என்ன சமைப்பது, எந்த டாக்டரிடம் போவது, பென்ஷன் பணம் யார் கையில், விருந்தாளிகள் எப்போது வரலாம், ஜன்னலைத் திறப்பதா சாத்துவதா, ரிமோட் யாரிடம் என்று ஒன்றையும் விடாதீர்கள். இரண்டு பக்கமும் வேறு வேறு பெயர் வருகிற இடங்களைச் சுழித்து வையுங்கள். அடுத்த மாதச் சண்டைகளின் பட்டியல் உங்கள் கையில் இருக்கும்.

வலதுபுறத்தில் நோயாளியின் பெயர் எத்தனை இடத்தில் இருக்கிறது என்றும் எண்ணுங்கள். பல வீடுகளில் ஓர் இடத்தில்கூட இருக்காது. ஊரில் வழக்குத் தீர்த்துவைத்தவர், வள்ளத்தில் பத்துப் பேரை நடத்தியவர், ஐந்து பிள்ளைகளைக் கரையேற்றியவள், இன்று எந்தச் சட்டை போடுவது என்பதைக்கூட இன்னொருவர் சொல்லக் கேட்கிறார். மாத்திரையைத் துப்புவதும் வாயை இறுக மூடிக்கொள்வதும் அவரிடம் மிஞ்சியிருக்கும் கடைசி அதிகாரங்கள்.

ஆகவே சின்ன முடிவுகளைத் திருப்பிக் கொடுங்கள். "குளிக்கிறீர்களா?" என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் பதில் வரும். "காப்பிக்கு முன்னாலா, பின்னாலா?" என்று கேளுங்கள். இரண்டும் வேண்டாம் என்றால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு விட்டுவிடுங்கள்; ஒருநாள் குளிக்காமல் இருந்தால் ஒன்றும் ஆகிவிடாது. படுக்கைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது போன்றவற்றில் பேரம் கிடையாது. அங்கேகூட எந்தப் பக்கம் முதலில் என்பதை அவர் சொல்லலாம்.

குலசேகரம் பக்கம் ஒரு வீடு. விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிற மகன், திரும்பிவந்து எட்டு மணிக்கு அப்பாவைக் குளிப்பாட்டியே தீருவார். அப்பாவோ வேலையெல்லாம் முடித்து மத்தியானம் குளித்தே ஆயுளைக் கழித்தவர். தினமும் மல்லுக்கட்டு. குளியலை மத்தியானத்துக்கு மாற்றியதும் சண்டை ஓய்ந்தது. யாரும் யாரிடமும் கனிவாகப் பேசவேண்டிய அவசியமே வரவில்லை.

மூன்றாம் படி: வாய்க்கு முன்னால் கால்

கோபத்தில் இதயம் படபடக்கும்போது பேச்சு முறைகள் எதுவும் நினைவுக்கு வராது. உடம்பு அடங்க இருபது நிமிடமாவது வேண்டும். அதற்குள் பேசினால் பேசியது வசவாகத்தான் இருக்கும். எழுந்து போங்கள், ஆனால் சொல்லிவிட்டுப் போங்கள்: "இப்போது பேசினால் நான் கத்திவிடுவேன். கோழிக்குத் தீனி போட்டுவிட்டு வருகிறேன்." எழுந்து நடக்க முடியாதவரிடம் ஒன்றும் சொல்லாமல் வெளியேறினால், விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்ற பயம்தான் அவருக்கு வரும். போகுமுன் கட்டில் தடுப்பைத் தூக்கி, தண்ணீரைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். சொன்ன நேரத்துக்குத் திரும்பி வாருங்கள்.

நான்காம் படி: நாலு துண்டுப் பேச்சு

அமெரிக்க உளவியலாளர் மார்ஷல் ரோசன்பர்க் 1960-களில் தொடங்கி வளர்த்த முறை ஒன்று உலகம் முழுவதும் கற்பிக்கப்படுகிறது. நடந்ததைத் தீர்ப்பில்லாமல் சொல்வது, அதனால் மனதில் எழுவதைச் சொல்வது, அதன் பின்னால் இருக்கும் தேவையைச் சொல்வது, செய்யக்கூடிய ஒன்றைக் கேட்பது என்று அதற்கு நாலு துண்டு. பயிற்சி வகுப்பில் சொல்லித்தருவதுபோல் "நீங்கள் இப்படிச் செய்யும்போது நான் இப்படி உணர்கிறேன்" என்று தொடங்கினால், நம் வீட்டுப் பெரியவர்கள் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்றுதான் பார்ப்பார்கள். துண்டுகளை வைத்துக்கொண்டு வாக்கியத்தை நம் வாயில் வருகிறபடி அமைத்துக்கொள்ளலாம்.

கருப்பட்டிக் காப்பியை எடுத்துக்கொள்வோம். நம் மாவட்டத்தில் சர்க்கரை நோய் உள்ள வீடுகளில் இதைவிடப் பழைய வழக்கு கிடையாது. "கருப்பட்டி பனையில் கிடைப்பது, அது சர்க்கரையில் சேராது" என்பார் அப்பா. கருப்பட்டியிலும் இருப்பது பெரும்பாலும் சர்க்கரைதான். இரத்தத்தில் அளவு ஏறத்தான் செய்யும். மகள் வழக்கமாகச் சொல்வது இது: "எத்தனை தடவை சொல்வது? காலை எடுக்க வேண்டி வந்தால் யார் பார்ப்பது? சின்னப் பிள்ளை மாதிரி அடம் பிடிக்கிறீர்கள்." இதில் ஒரு மிரட்டல், ஒரு குத்தல், ஓர் அவமானம் இருக்கின்றன. கேட்டவர் மாலையில் யார் கண்ணிலும் படாமல் குடிப்பார்.

வேறு விதமாக: "அப்பா, காலையில் சர்க்கரை 280 இருந்தது. எனக்குப் பயமாக இருக்கிறது. காப்பி இல்லாமல் உங்களுக்கு விடியாது என்பதும் தெரியும். டாக்டரிடம் கேட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கருப்பட்டி போட்டு அரை டம்ளர், மற்ற நாளில் இனிப்பில்லாத கடுங்காப்பி என்று வைத்துக்கொள்ளலாமா? இல்லை, வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்."

அவர் முடியாது என்றால்? பெரும்பாலும் முதல் தடவை அப்படித்தான் சொல்வார். அதையே இன்னும் மெதுவாகத் திருப்பிச் சொல்லாதீர்கள். மெதுவாக நச்சரிப்பதும் நச்சரிப்புதான். "காப்பியை நிறுத்தியதில் எது கஷ்டமாக இருக்கிறது?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். ஒரு வீட்டில் இதற்கு வந்த பதிலில் கருப்பட்டியே இல்லை. விடிகாலையில் முக்கில் இருக்கும் கடையில் நாலு பேரோடு உட்கார்ந்து குடித்த காப்பி அது. போனது இனிப்பல்ல, அந்தப் பெஞ்ச். வாரத்தில் இரண்டு நாள் அந்த நண்பர்களில் ஒருவர் வீட்டுக்கு வர ஏற்பாடு ஆனது. இனிப்பில்லாத காப்பி இறங்கத் தொடங்கியது.

எதிரே இருப்பவரின் உணர்ச்சிக்கு நாமே பெயர் வைத்து, "உங்களுக்குக் கோபமாக இருக்கிறது, இல்லையா?" என்று கேட்பதை நான் பரிந்துரைப்பதில்லை. நம் பெரியவர்களுக்கு அது டாக்டர் வேஷம் போடுவதாகத் தெரிகிறது. "ம்" என்ற ஒலியும், அவர் சொன்னதில் கடைசி இரண்டு சொல்லைத் திருப்பிச் சொல்வதும் போதும். "எப்போதும்", "ஒருநாளாவது", "நான் இல்லாவிட்டால் தெரியும்" என்ற மூன்றையும் மட்டும் வீட்டுப் பேச்சிலிருந்து எடுத்துவிடுங்கள். அவை வந்த பிறகு நல்லதாக எதுவும் வந்து நான் கேட்டதில்லை.

ஐந்தாம் படி: மறதி நோய்க்கு விதி வேறு

மேலே சொன்ன நாலு துண்டுப் பேச்சு மறதி நோய் முற்றியவரிடம் வேலை செய்யாது. காரணம் சொல்லிப் புரியவைக்க முயல்வதுதான் அங்கே சண்டையைத் தொடங்கி வைக்கிறது.

"மோதிரத்தைத் திருடிவிட்டாள்" என்று மருமகளைச் சொல்வது இந்த நோயில் அடிக்கடி வரும் ஒன்று. வைத்த இடம் மறந்துபோகிறது. பொருள் மட்டும் காணவில்லை. யாரோ எடுத்திருக்க வேண்டும் என்று மூளை முடிவு கட்டுகிறது. பக்கத்தில் எப்போதும் இருப்பவர்தான் திருடர் ஆகிறார். அதிகம் பார்த்துக்கொள்கிறவர் மேல் அதிகம் பழி விழுவது இதனால்தான். நான் எடுக்கவில்லை என்று வாதாட வேண்டாம். "மோதிரத்தைக் காணவில்லையா? வாருங்கள் மாமி, சேர்ந்து தேடுவோம்" என்று கையைப் பிடித்து எழுப்புங்கள். தலையணை உறையும் அரிசிப் பானையும் வழக்கமான ஒளிவிடங்கள். விலை உயர்ந்ததை எடுத்து வைத்துவிட்டு, அதே போன்ற கவரிங் மோதிரம் ஒன்றைக் கொடுப்பதில் தவறில்லை.

"ஞாபகம் இருக்கிறதா? நான் யார், சொல்லுங்கள்" என்று விருந்தாளிகள் பரீட்சை வைப்பதைத் தடுங்கள். தோற்றுப்போகும் பரீட்சை அது. தோற்றவர் அன்று முழுவதும் எரிச்சலாக இருப்பார். வருகிறவர் தாமே பெயரையும் உறவையும் சொல்லிக்கொண்டு உட்காரட்டும்.

பொழுது சாயும்போது, சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டே "வீட்டுக்குப் போகவேண்டும்" என்பார்கள். மாலையில் குழப்பம் கூடுவது இந்த நோயின் இயல்பு. "இதுதான் உங்கள் வீடு" என்று சொல்லி யாரும் ஜெயித்ததில்லை. இருட்டுவதற்கு முன்பே விளக்கைப் போடுங்கள். "வீட்டில் என்ன வேலை இருக்கிறது?" என்று கேளுங்கள். கடியப்பட்டணத்தில் பிறந்த ஒரு பாட்டி, கரைக்கு வள்ளம் வந்திருக்கும், மீன் எடுக்கப் போகவேண்டும் என்றார். பேத்தி, "இன்று என்ன மீன்?" என்று கேட்டாள். சாளையிலிருந்து நெய்மீன் வரை பேசி முடிப்பதற்குள் இரவுக் கஞ்சி இறங்கிவிட்டது. இறந்துபோன கணவரைக் கேட்டால், ஒவ்வொரு தடவையும் சாவுச் செய்தியைச் சொல்லாதீர்கள். அவருக்கு அது ஒவ்வொரு தடவையும் புதுச் சாவு. "தாத்தாவைத் தேடுகிறதா? அவருக்கு என்ன சமைத்துக் கொடுப்பீர்கள்?" என்று பேச்சை அவர் பக்கமாகவே திருப்பலாம்.

குளியலில் அடிதடி வருவது அநேகமாகப் பயத்தினால். தலையில் முதலில் தண்ணீர் ஊற்றாமல் காலிலிருந்து தொடங்குங்கள். தோளில் ஒரு துவர்த்தை (துண்டை)ப் போட்டு மூடிக்கொண்டே குளிப்பாட்டுங்கள். செய்யப்போவதை ஒவ்வொன்றாக முன்கூட்டியே சொல்லுங்கள்.

ஆறாம் படி: கூடப்பிறந்தவர்களோடு

நோயாளியோடு வரும் சண்டை அன்றைக்கே தீர்ந்துவிடும். கூடப்பிறந்தவர்களோடு வருவது அடுத்த தலைமுறைக்கும் போகும். ஆகையால் இந்தப் படியை அவசரமில்லாமல் படியுங்கள்.

நம் மாவட்டத்துக் குடும்பங்களில் ஒருவர் வளைகுடாவில், ஒருவர் ஆழ்கடலில், ஒருத்தி கட்டிக்கொடுத்த வீட்டில், ஒருவர் அம்மையோடு என்று இருப்பது சகஜம். குடும்ப வீடு கடைசி மகனுக்கு என்ற வழக்கம் பலரிடம் இருப்பதால், "வீடு வாங்கினவன் பார்க்கட்டும்" என்ற வாக்கியம் சீக்கிரமே வந்து நிற்கும். மகளிடம், "உனக்குக் கொடுக்க வேண்டியதை ஸ்ரீதனமாகக் கொடுத்தாயிற்று" என்பார்கள். என் கண்டிப்பான யோசனை இது: சொத்துப் பேச்சையும் பராமரிப்புப் பேச்சையும் ஒரே நாளில், ஒரே அறையில் வைக்காதீர்கள். யாராவது விளையையும் வீட்டையும் இழுத்தால், "அதற்கு ஒரு நாள் வைப்போம். இன்று அம்மைக்கு மட்டும்" என்று சொல்லி அந்த நாளையும் அப்போதே குறித்துவிடுங்கள். நாள் குறிக்காமல் தள்ளினால் ஏமாற்றுகிறீர்கள் என்று நினைப்பார்கள்.

வாட்ஸ்அப் குழுவில் முடிவெடுக்கக் கூடாது. எழுத்துக்குத் தொனி கிடையாது. நீளமான குரல் பதிவுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. வாரத்தில் ஒருநாள் எல்லோரும் அழைப்பில் சேர நேரம் வையுங்கள். சவூதியில் வெள்ளியும் சனியும் விடுமுறை; அமீரகத்தில் 2022 முதல் சனியும் ஞாயிறும். பொதுவாகக் கிடைப்பது சனி. நம் இரவு ஒன்பது மணி துபாயில் ஏழரை, ரியாத்தில் ஆறரை. அந்த அழைப்பில் முதல் ஐந்து நிமிடம் அம்மையே பேசட்டும், முடிந்தால்.

அழைப்புக்கு முன், கூட இருப்பவர் ஒரு பக்கம் எழுதி அனுப்பவேண்டும்: இந்த வாரம் நடந்தது, மாத்திரையில் மாற்றம், செலவுக் கணக்கு, இரவில் எத்தனை தடவை எழுந்தீர்கள் என்பது. "நீ ஒருநாளாவது வந்து பார்த்தாயா?" என்று கேட்டால் தம்பி தன் விசா, கடன், முதலாளி என்று வாதாடுவான். "இந்த வாரம் ஏழு இரவிலும் மூன்று தடவைக்குக் குறையாமல் எழுந்தேன்" என்ற வரியோடு வாதாட எதுவும் இல்லை.

பணம் அனுப்புகிறவருக்கு முடிவெடுக்கும் உரிமையும் தனக்கே என்று தோன்றிவிடும். அவரிடம் கனிவு வேண்டியது இங்கேதான். தூரத்தில் இருப்பவரின் அதிகாரத் தொனிக்குப் பின்னால் அநேகமாகக் குற்ற உணர்வும், கடைசியில் முகம் பார்க்க முடியாமல் போய்விடுமோ என்ற பயமும் இருக்கும். "நீ அனுப்பும் பணத்தில்தான் பிசியோதெரபி நடக்கிறது, அண்ணே. அது இல்லாவிட்டால் அம்மை உட்கார்ந்திருக்க மாட்டார்" என்று முதலில் சொல்லுங்கள், உண்மையாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள். பிறகு எல்லையை வையுங்கள்: "சாப்பாடு, தூக்கம், குளியல் என்று அன்றாடம் நடப்பதை நான் முடிவு செய்கிறேன். ஆபரேஷன், மருத்துவமனை மாற்றுவது, வீட்டை விட்டு வேறிடம் கொண்டுபோவது என்றால் எல்லோரும் சேர்ந்து, அம்மையைக் கேட்டு முடிவு செய்வோம். அவசரம் என்றால் நான் முடிவெடுத்துவிட்டு உங்களுக்குச் சொல்வேன்." இதைக் குழுவில் எழுதிப் பதிந்து வையுங்கள்.

உதவி கேட்கும்போது நாளும் வேலையும் சேர்த்துக் கேளுங்கள். "கொஞ்சம் ஒத்தாசையாக இருக்கக்கூடாதா?" என்பதற்கு யாராலும் எழுந்து வர முடியாது. "கிறிஸ்துமஸுக்கு வரும்போது பத்து நாள் அம்மையை நீயும் மைனியும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் நான் இங்கே இருக்க மாட்டேன்." கடைசி வரி முக்கியம். நீங்கள் வீட்டில் இருந்தால் வந்தவருக்கும் சேர்த்துச் சமைத்துக்கொண்டு இருப்பீர்கள். கடலுக்குப் போகும் தம்பிக்கு மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறது: மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அந்த இரண்டு மாதத்தில் இரவுக் காவல் அவனுடையது என்று முன்பே பேசிவைக்கலாம். கட்டிக்கொடுத்த அக்காள் வர முடியாவிட்டாலும், மருத்துவமனை நாளில் முன்பதிவும் ரிப்போர்ட் கோப்பும் அவர் பொறுப்பாக இருக்கலாம். திருவனந்தபுரத்துப் புற்றுநோய் மையத்துக்கு மாதாமாதம் போகும் குடும்பங்களுக்கு இது பெரிய பாரம் குறைந்த மாதிரி.

ஏழாம் படி: மருமகள்

இரண்டு பத்தித் தாளில் இடதுபுறம் முழுக்க இவள் பெயர். வலதுபுறம் எங்குமே இல்லை. இந்த வீட்டில் கனிவாகப் பேச வேண்டியவர் யார் என்று கேட்டால், எல்லோரும் அவளைத்தான் காட்டுவார்கள். நான் அவளுடைய கணவனைக் காட்டுவேன்.

டயப்பர் சண்டையைப் பாருங்கள். நாத்தனார் விடுமுறையில் வருகிறாள்: "எங்கள் அம்மைக்குத் துணி கட்டினால் போதும். டயப்பர் போட்டால் புண் வரும், செலவும் கூட." தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. ஜூனிலும் ஐப்பசியிலும் துணி காயாது என்பது துவைப்பவளுக்குத்தான் தெரியும். இதற்கு மருமகள் பதில் சொன்னால் சோம்பேறி என்ற பெயர் வரும். அவளுடைய கணவன் தன் தங்கையிடம் பேசவேண்டும்: "புண் வந்துவிடும் என்ற உன் பயம் சரிதான். அதனால்தான் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறையோ நனைந்த உடனேயோ மாற்றுகிறோம். துணி வேண்டுமா, டயப்பர் வேண்டுமா என்பதைத் துவைக்கிறவள் முடிவு செய்யட்டும்." தன் வீட்டாரிடம் தான் பேசுவது என்ற இந்த ஒரு விதியைக் கணவன் ஏற்றுக்கொண்டால் மீதி சண்டைகள் பாதிக்குப் பாதி குறையும். அவன் வெளிநாட்டில் இருந்தால் இதற்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும். அதற்கு விடுப்பு எடுத்து வரவேண்டியதில்லை.

மருமகளும் கேட்கவேண்டும். வேலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதைவிட உரிமையைக் கேட்பது பலிக்கும்: "மாமியின் பென்ஷனில் மருந்துக்கும் பொருளுக்கும் ஆகிற பணத்தை மாதம் முதல் வாரத்தில் என் கையில் கொடுங்கள். கணக்கு எழுதி வைக்கிறேன். ஞாயிறு மத்தியானம் முதல் இரவு வரை எனக்கு விடுப்பு."

ஆசானிடம் கொண்டுபோ என்று சொல்பவர்கள்

பக்கவாதம் என்று கேள்விப்பட்டதும், வர்ம ஆசானிடம் கொண்டுபோனால் ஒரே மாதத்தில் நடப்பார் என்று சொல்லாத உறவினர் இங்கே அபூர்வம். சொல்பவர் நம்பிக்கையைக் கொடுக்க வருகிறார். கேட்பவருக்கு, நீ ஒழுங்காகப் பார்க்கவில்லை என்று காதில் விழுகிறது. "அக்கறையோடு சொல்கிறீர்கள், சித்தப்பா. மாத்திரையை நிறுத்தாமல், டாக்டரைக் கேட்டு எதைச் சேர்க்கலாமோ சேர்க்கிறோம்" என்று முடித்துக்கொள்ளுங்கள். பாரம்பரிய வைத்தியம் வேண்டும் என்று நோயாளியே விரும்பினால் கோட்டாற்றில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எழுத்துப் பதிவோடு நடக்கும். இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். உணர்ச்சி குறைந்த கை காலில் சூடான மருந்துக் கிழி (துணி மூட்டை) ஒத்தடம் வைத்தால் வெந்துபோவது அவருக்குத் தெரியாது. தளர்ந்த கையை இழுத்து நீவினால் தோள் மூட்டு இறங்கிவிடும்.

ஹோம் நர்ஸ் வைத்திருந்தால், அவருக்கு உத்தரவு சொல்பவர் ஒருவராக இருக்கட்டும். வேலை, விடுப்பு, சாப்பாடு மூன்றையும் முதல் நாளே தாளில் எழுதிவிடுங்கள். குறை இருந்தால் நோயாளியின் காதில் விழாமல் சொல்லுங்கள்.

பேச்சு எட்டாத இடம்

கையை ஓங்கிவிட்டீர்கள், அல்லது ஓங்கத் தோன்றுகிறது என்றால், அது பேச்சு முறையால் தீரும் கட்டத்தைத் தாண்டிவிட்டது. உங்களுக்கு மாற்று ஆள் வேண்டும், தூக்கம் வேண்டும். டெலி மானஸ் என்ற இலவச மனநல உதவி எண் 14416 இரவும் பகலும் இயங்குகிறது, தமிழில் பேசலாம். நோயாளிக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். பராமரிப்பவர் தமக்காகவே அழைக்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய்த்தணிப்புச் சிகிச்சைச் செவிலியரும் பிசியோதெரபிஸ்ட்டும் வீட்டுக்கே வருவார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். வாரத்தில் ஒருநாள் வெளியாள் ஒருவர் வீட்டுக்குள் வந்துபோவதே குரல்களைத் தாழ்த்திவிடும்.

குடும்பத்துக்குள் தீராதபோது ஒரு மூன்றாம் ஆள் வேண்டும். பங்குத்தந்தை, போதகர், ஜமாத் பெரியவர், ஊர்த் தலைவர் என்று எல்லோரும் மதிக்கிற ஒருவர் கிடைப்பது நம் ஊர்களில் கஷ்டமில்லை. அவரை அழைக்கும்போது தீர்ப்புச் சொல்ல அழைக்காதீர்கள். ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் குறுக்கிடாமல் பார்த்துக்கொள்வதும், முடிவை எழுதிக் கையெழுத்து வாங்குவதும் மட்டும் அவர் வேலை. நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இது கஷ்டம்தான், முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

முதியவரைப் பட்டினி போடுவது, அடிப்பது, சொத்தை எழுதி வாங்கிவிட்டுக் கைவிடுவது என்று போய்விட்டால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் தெரிவியுங்கள். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். குமரியில் நாகர்கோவில், பத்மநாபபுரம் என்று இரண்டு கோட்டங்கள் இருக்கின்றன. மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு உத்தரவிடச் சட்டத்தில் இடம் உண்டு. பார்த்துக்கொள்வேன் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, பார்த்துக்கொள்ளாதபோது ரத்துசெய்யவும் இடம் இருக்கிறது. ஆகவே தான செட்டில்மெண்ட் எழுதும்போதே அந்த நிபந்தனை பத்திரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். விசாரணைக்கு முன் சமரச அலுவலர் ஒருவரிடம் பேசித் தீர்க்க அனுப்பும் ஏற்பாடும் சட்டத்திலேயே உள்ளது. முதியவர் தாமே மனுக் கொடுக்கலாம். எழுந்து வர முடியாதவர் என்றால் அவர் அதிகாரம் அளிக்கும் இன்னொருவர் கொடுக்கலாம்.